யாருக்கோ சொன்னது

போட்ஸ்வானாவிலும் சிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவின் வடக்குப் புதர்க்காடுகளிலும் துப்பாக்கியோடு நடந்தவர்களுக்கு ஒரு பறவைமீது தீராத எரிச்சல் உண்டு. காற்றின் திசை பார்த்து, சருகு மிதிபடாமல், குனிந்தபடியே நகர்ந்து மானை நெருங்கியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வேலமரத்தின் உச்சியிலிருந்து மூக்கால் இழுத்தாற்போல் ஒரு குரல் வரும்: க்வே…ஏ. மான் தலையைத் தூக்கும். அன்றைய வேட்டை அதோடு முடிந்தது. ஆங்கிலம் பேசியவர்களின் காதில் அது 'கோ அவே', போய்விடு, என்று விழுந்தது. பறவைக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்காரர்கள் பொருள் தேடாமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு க்வே-பறவை என்றார்கள். (திருநெல்வேலிக்காரர் யாராவது முதலில் கேட்டிருந்தால் 'என்னவே?' என்று திரும்பிப் பார்த்திருப்பார்.)

இந்த எரிச்சலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பறவைக்கும் வேட்டைக்காரனுக்கும் நடுவில் எந்த வழக்கும் கிடையாது. அவன் தேடி வந்த இரை அதுவல்ல. அவன் சுடப்போகும் மானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மான் பிழைத்துப்போனால் அதற்கு ஒரு கனிகூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் அது காட்டுக்குக் காவல் இருப்பதாகவும், காட்டிக்கொடுப்பதாகவும், வேண்டுமென்றே கெடுப்பதாகவும் மனிதர்கள் பேசிவந்திருக்கிறார்கள். வயல்வெளியில் ஆள்காட்டிக் குருவியிடம் வசவு வாங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியதுதான். அதில் பறவை எவ்வளவு, நாம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் ஆசையில்தான் இதன் பின்னால் போனேன்.

கோ-அவே பறவைகள் மூன்று இனம். கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா, டான்சானியா பக்கம் வெள்ளை வயிறு கொண்ட ஒன்று. கிழக்கிலேயே, முகத்தில் இறகில்லாமல் கறுத்த தோல் தெரிய இன்னொன்று. மூன்றாவது, அங்கோலாவில் தொடங்கி ஜாம்பியா, நமீபியா, போட்ஸ்வானா, சிம்பாப்வே வழியாக மொசாம்பிக் வரைக்கும் தெற்கில் பரவியிருக்கும் சாம்பல் கோ-அவே. வேட்டைக்காரர்களின் வசவுகளில் பெரும்பங்கு இதற்குத்தான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அரை மீட்டர் இருக்கும். எடை கால் கிலோவை ஒட்டி வரும். தலையில் சிலிர்த்து நிற்கும் கொண்டை. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அதன் ஏற்ற இறக்கமே சொல்லிவிடும். உடல் முழுக்கச் சாம்பல். அலகு கறுப்பு. வேறு நிறம் எதுவும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

அது பிறந்த குடும்பத்தைப் பார்த்தால் இந்தச் சாம்பல் விசித்திரமாகப் படும். டுராக்கோக் குடும்பம் ஆப்பிரிக்காவுக்கு வெளியே எங்கும் இல்லை. சுமார் 23 இனங்கள். அவற்றில் காட்டுக்குள் வாழும் டுராக்கோக்கள் ஆப்பிரிக்காவின் மிக அழகான பறவைகளில் சேரும்: உடல் பச்சை, சிறகை விரித்தால் இரத்தச் சிவப்பு. கிளியின் பச்சை, இறகின் நுண்ணமைப்பு சிதறடிக்கும் நீலமும் மஞ்சள் நிறமியும் சேர்ந்து உண்டாவது. ஒளி விளையாடுகிற விளையாட்டு. டுராக்கோவின் பச்சை அப்படி வருவதில்லை. அது உண்மையான நிறமி, செம்பு கலந்தது. சிவப்பும் அவ்வாறே. 1869-இல் ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அந்தச் சிவப்பு இறகுகளை ஆராய்ந்து, அதன் நிறமியில் செம்பு இருப்பதைக் கண்டு சொன்னார். நிறமியின் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு செம்பு. காரம் கலந்த நீரில் இறகை ஊறவைத்தால் சாயம் கரைந்து இறங்கும். அவ்வளவு செம்பும் உணவின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். தின்ற பழத்திலிருந்தும் தளிரிலிருந்தும் உலோகத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சிறகில் பூசிக்கொள்கிற பறவை அது. எஸ்வாட்டினியின் அரச குடும்பத்தினர் அந்தச் சிவப்பு இறகுகளைத் தலையில் அணிகிறார்கள்.

சாம்பல் கோ-அவேயிடம் இதில் எதுவும் இல்லை. செம்பு நிறமி இரண்டுமே அதன் இறகில் கிடையாது. ஆண்டு முழுக்க இலை மூடிய காட்டில் பச்சை உடல் மறைப்பாகும். புல்லும் தனித்தனி மரங்களுமாக விரிந்த சவன்னாவில், இலையுதிர்ந்த கிளைகள் மாதக்கணக்கில் எலும்பாக நிற்கும் வறட்சிக் காலத்தில், பச்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது என் ஊகம்தான். ஆனால் வெட்டவெளிக்கு வந்த குடும்பக் கிளைகள் நிறத்தைத் துறந்து குரலைப் பெருக்கிக்கொண்டன என்று நினைத்துப் பார்க்கும்போது ஏதோ ஒரு கணக்கு நேராவதுபோல் இருக்கிறது. கணக்கு நேராவது உண்மைக்குச் சான்று ஆகாது என்பதும் தெரிந்ததே.

அறிவியல் இந்தக் குடும்பத்துக்கு வைத்திருக்கும் இலத்தீன் பெயருக்கு வாழைப்பழம் தின்பவை என்று பொருள். பாவம், வாழையைத் தொடுவது மிக அரிது. வாழையே ஆப்பிரிக்காவின் மரமும் அல்ல, ஆசியாவிலிருந்து கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. சாம்பல் கோ-அவே நம்பியிருப்பது அத்தியை. சவன்னாவில் பழம் தின்று பிழைப்பது எளிய காரியம் இல்லை. மழைக்காட்டில் ஏதேனும் ஒரு மரம் எப்போதும் காய்த்திருக்கும். இங்கே மழை ஒரு பருவம், வறட்சி ஒரு பருவம். அந்த வறட்சியிலும் கைவிடாதது அத்திதான். பக்கத்துப் பக்கத்து அத்தி மரங்கள்கூட ஒரே காலத்தில் கனிவதில்லை. அத்திக்காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு குளவியின் ஆயுள் சில நாள்தான். ஒரு மரத்தில் பிறந்த குளவி பறந்துபோய்ச் சேர இன்னொரு மரம் அப்போது இளங்காயோடு காத்திருக்க வேண்டும். எல்லா மரமும் ஒன்றாய்க் காய்த்து ஒன்றாய் ஓய்ந்தால் குளவி அழியும், பின்னாலேயே அத்தியும் அழியும். ஆகவே முறைபோட்டதுபோல மரங்கள் மாறி மாறிக் கனிகின்றன. குளவிக்காக ஏற்பட்ட இந்த ஒழுங்கில் பறவைக்கும் குரங்குக்கும் வௌவாலுக்கும் ஆண்டு முழுவதும் பந்தி நடக்கிறது. ஒருவருக்காகப் போட்ட இலையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

பழத்தோடு அதன் உணவு முடிவதில்லை. பழத்தில் சர்க்கரையும் நீரும் உண்டு, புரதம் குறைவு. அந்தக் குறையை மொட்டு, பூ, தளிர், வேலமரத்தின் பச்சைக் காய் என்று கைக்கு எட்டியதெல்லாம் தின்று ஈடுகட்டுகிறது. சில வேளை கரையானையும் தின்னும். கருங்காலிக்கு உறவான ஒரு காட்டுமரத்தின் பழங்களை விழுங்கி, கொட்டைகளை வேறிடத்தில் போட்டு, விதை பரப்பும் நல்ல வேலை செய்கிற அதே பறவை, பக்கத்து மரத்தின் பூவைக் கொத்தி, காயாகவே விடாமல் செய்துவிடும். 'காட்டை நடும் பறவைகள்' என்று பள்ளிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள். மண் தின்னும் பழக்கமும் உண்டு. கரையோர மண்ணில் இறங்கிக் கொத்தித் தின்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். உப்புச்சத்துக்காக என்போரும், இலையிலும் காயிலும் உள்ள நஞ்சை முறிக்க என்போரும் இருக்கிறார்கள்.

மரத்துக்கும் பறவைக்கும் நடக்கும் கொடுக்கல்வாங்கலை ஒப்பந்தம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மரம் சதையைக் கூலியாகக் கொடுக்கிறது, பறவை விதையைச் சுமக்கிறது. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பறவைக்கு விதை ஒரு பாரம், சீக்கிரம் வெளியேற்ற வேண்டிய குப்பை. பழம் தின்னும் பறவைகளின் குடலில் உணவு தங்கும் நேரம் குறைவு. விதை சிதையாமல் வெளியே வருவதற்கு அந்த அவசரம்தான் காரணம், கருணை காரணமல்ல. அதே அவசரம் வேறு காரியமும் செய்யும். நம் ஊர் மலைவேம்பு தென்னாப்பிரிக்காவுக்கு அழகுமரமாகப் போய், இன்று அங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட வேண்டிய அயல் தாவரங்களின் பட்டியலில் நிற்கிறது. ஆற்றங்கரை நெடுக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பழம் தின்னும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் பங்குண்டு. தொண்டுக்குச் சொந்தக்காரர் என்று மாலை போட்டால், கேட்டுக்கும் அதே கழுத்தைத்தான் நீட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.

பறப்பதில் இதற்குப் பெருமை கிடையாது. நாலு அடி சிறகடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி அடித்து, அடுத்த மரத்தின் கீழ்க்கிளையில் போய் விழுந்தாற்போல் உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் அதன் திறமை தெரியும். வெளிவிரலை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ள முடிவதால், அணில்போலக் கிளையோடு ஓடி, தாவி, கண் இமைக்கும் நேரத்தில் உச்சிக்குப் போய்விடும். கூடு என்று அது கட்டுவது குச்சிகளைக் கலைத்துப் போட்ட ஒரு தட்டு. மூன்று முட்டைக்கு மேல் பெரும்பாலும் இராது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுக்குப் பறக்க வருவதற்கு முன்பே நடக்க வந்துவிடும். கூட்டை விட்டிறங்கிக் கிளைகளில் தொற்றித் திரியும். டுராக்கோக் குஞ்சுகளின் சிறகு முனையில் சிறு நகம் ஒன்று இருக்கிறது. இந்த நகத்தையும் கால்விரலையும் வைத்து, இவை குயிலுக்கு உறவா, தென்னமெரிக்காவின் ஹோட்சின் பறவைக்கு உறவா என்று பறவையியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். இப்போது தனி வரிசையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

குரலுக்குத் திரும்புகிறேன். கென்யாவின் லைக்கிபியா மேட்டுநிலத்தில் ம்பாலா ஆய்வு மையத்தில் நடந்த ஒரு சோதனை 2008-இல் வெளியானது. அங்கே வெள்ளை வயிற்றுக் கோ-அவேயும் டிக்-டிக் என்ற குட்டி மானும் ஒரே புதரை அண்டி வாழ்கின்றன. டிக்-டிக்கின் உயரம் நம் முழங்கால் அளவு, எடை நாலைந்து கிலோ. மந்தையாக வாழாது, ஆணும் பெண்ணுமாக ஜோடிதான். மந்தை மானுக்கு நூறு கண். ஜோடிக்கு நாலே கண், அதுவும் புல்லின் உயரத்தில். ஆய்வாளர்கள் பறவையின் அபாயக் குரலைப் பதிவு செய்து டிக்-டிக்குகளுக்கு ஒலிபரப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணப் பறவைப் பாட்டையும் ஒலிக்கவிட்டார்கள். அபாயக் குரல் கேட்டபோது மேய்ச்சல் குறைந்தது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கூடியது. கூட்டமாக வாழும் விலங்குகள்தான் ஒன்றின் எச்சரிக்கையை மற்றொன்று பயன்படுத்தும், சேர்ந்து வாழாத விலங்குக்கு அந்தச் செவி இருக்காது என்ற எண்ணம் இங்கே ஆட்டம் கண்டது. டிக்-டிக் தன் இனத்தாரோடு கூடி வாழவில்லை. ஆனால் மேலே இருப்பவரின் பேச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பறவை டிக்-டிக்கிடம் சொல்லவில்லை என்பதை மறுபடியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கழுகுக்கு இருவருமே இரை. பயம் பொது, அதனால் பேச்சும் பொதுவாகிவிட்டது. இதற்கு ஒட்டுக்கேட்டல் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வழக்கில் அது இழிவான வேலை. காட்டிலோ உயிர்வாழ்வதன் பாதி அதுதான். ஐவரி கோஸ்ட்டில் தாய் (Taï) என்னும் காட்டில், பழம் தின்னும் ஓர் இருவாச்சி, டயானா குரங்குகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குரங்கு கழுகைக் கண்டு கத்தினால் இருவாச்சி பதறும். சிறுத்தையைக் கண்டு கத்தினால் பொருட்படுத்தாது. சிறுத்தை இருவாச்சியைப் பிடிப்பதில்லை. இரண்டு கத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிற இனத்தின் மொழியிலிருந்து அது கற்றிருக்கிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேட்பவர் இருக்கும் இடத்தில் ஏமாற்றுபவரும் வந்து சேர்வார். கலஹாரியில் பிளவுபட்ட வால் கொண்ட கரிச்சான், சிலம்பன்களோடும் மீர்கேட் கீரிகளோடும் கூடவே திரியும். பருந்து வரும்போது உண்மையாகவே எச்சரிக்கும். அந்த நம்பிக்கை ஊன்றிய பிறகு, யாரேனும் கொழுத்த புழுவைத் தோண்டி எடுக்கும் நேரமாகப் பார்த்துப் பொய்க் குரல் எழுப்பும். எல்லோரும் ஓடி ஒளிந்ததும் புழு கரிச்சானுடையது. ஒரே குரலை அடிக்கடி கேட்டு அவர்கள் சுதாரித்தால், வேறொரு பறவையின் அபாயக் குரலை எடுத்துவிடும். அதன் அன்றாட உணவில் 23 விழுக்காடு வரை இப்படிக் கிடைப்பதாக ஆய்வாளர் டாம் ஃபிளவர் கணக்கிட்டிருக்கிறார். கோ-அவே இந்த ஏமாற்றுக்குப் பக்கமே போவதில்லை. அதற்குக் காரணம் நேர்மை என்று எழுதக் கை பரபரக்கிறது. டிக்-டிக் தின்பது இலை. அதை விரட்டி அந்த இலையைப் பிடுங்கிக்கொள்ளும் தேவை பறவைக்கு இல்லை. மரத்தின் மேலே எல்லா இலையும் அதனுடையதுதான். பொய்யில் லாபம் இல்லாத இடத்தில் வாய்மை மலிவாகக் கிடைக்கிறது. டிக்-டிக்குக்கு அந்த மலிவுச் சரக்கே உயிர் காக்கிறது என்பதில் மாற்றமில்லை.

பிறகு அந்தக் குரல் யாருக்கு? கோ-அவேக்கள் சிறு கூட்டமாகத் திரிபவை, அதில் பெரும்பாலும் சொந்தக்காரர்களே இருப்பார்கள். அவர்களுக்கு என்பது முதல் விடை. ஆபத்தே இல்லாத நேரத்திலும் ஒன்றையொன்று கூப்பிட்டபடி சலசலத்துக்கொண்டே இருக்கும் சாதி அது. இரண்டாவது விடை எனக்குப் பிடித்தமானது. பதுங்கி வந்து பாய்கிற விலங்குக்கு, தான் கண்ணில் பட்டுவிட்டோம் என்று தெரிந்தால் பாதி வேட்டை வீண். ஆகவே பல இனங்களின் எச்சரிக்கைக் குரல் வேட்டையாடும் விலங்கை நோக்கியதும்கூட என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: பார்த்துவிட்டேன், இனி நேரத்தை வீணாக்காதே. அந்தக் கோணத்தில், துப்பாக்கியோடு புதருக்குள் நின்ற ஆங்கிலேயன் தன்னையறியாமல் சரியாகவே காதில் வாங்கியிருக்கிறான். அவன்தான் அங்கே பதுங்கி வந்த விலங்கு. போய்விடு என்று அவனுக்குப் பட்டது. மான் தனக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது. கூட்டத்துப் பறவைகள் தமக்குரியதை எடுத்துக்கொண்டன. ஒரே ஒலி, கேட்டவரின் கலவரத்துக்கு ஏற்ற மூன்று பொருள்.

இந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவை விட்டு அசையாதது என்று சொன்னேன். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் வயோமிங்கில், கிரீன் ரிவர் பாறைப்படிவங்களில், சுமார் 52 மில்லியன் ஆண்டு பழைய ஒரு பறவையின் எலும்புக்கூடு கிடைத்தது. 1992-இல் ஸ்டோர்ஸ் ஓல்சன் என்ற ஆய்வாளர் அதை விவரித்து ஃபோரோ பனேரியம் என்று பெயரிட்டார். நீண்ட கால்கள்; மரத்தில் தொற்றுவதைவிடத் தரையில் நடக்கப் பொருத்தமானவை. அது யாருடைய மூதாதை என்பதில் குழப்பம் நீடித்தது. 2018-இல் டேனியல் ஃபீல்டும் அலிசன் சியாங்கும் மறுபடி ஆராய்ந்து, டுராக்கோக்களின் ஆதிக் கிளை இது என்றார்கள். பனி படிந்த குளிர்காலம் கொண்ட இன்றைய வயோமிங் அன்று வெப்ப ஏரிகளின் நாடாக இருந்தது. குளிர் வந்தபோது அந்தக் கிளை அங்கே முடிந்துபோயிருக்க வேண்டும். ஓர் உயிர் எங்கே உண்டானது என்பதை, இன்று அது எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று அந்த நீண்ட கால்கள் காட்டுகின்றன. ஆப்பிரிக்காவின் பறவை என்று நாம் சொல்வது, கடைசியாக ஆப்பிரிக்காவில் மிஞ்சிய பறவையாகவும் இருக்கலாம்.

இப்போது அது வேறு திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது, நகரத்துக்கு. ஜோஹன்னஸ்பர்க் ஒரு காலத்தில் மரமற்ற புல்மேடு. தங்கம் கிடைத்து ஊர் பெருகியபின் மனிதர்கள் நட்ட மரங்களால் பெரும் தோப்பாகிவிட்டது. தோட்டம், நீர்த்தெளிப்பான், ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பழம். பிரிட்டோரியாவிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் சாம்பல் கோ-அவே இன்று சுவருக்குச் சுவர் தெரிகிற பறவை. சிலர் பப்பாளியும் ஆப்பிளும் நறுக்கி மேடையில் வைத்து அதை அழைக்கிறார்கள். அதே தெருவில் வேறு சிலர் கீரைப் பாத்திமேல் வலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், லெட்டூஸ் என்றால் அதற்கு உயிர் என்பதால். மேடை வைத்தவரையும் வலை கட்டுபவரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. வாசற்கதவு திறந்தால் போதும், கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு இருவரையும் ஒரே வார்த்தையில் போகச் சொல்கிறது.